அஸ்தினாபுரத்துச் சாரதி

அஸ்தினாபுரத்தில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "திருதராஷ்டிரன் சௌக்கியமா?" மீதிக் கால்வாசிப் பேர், "அது டெல்லிப் பக்கமில்ல இருக்கு?" என்பார்கள்.

ஐயா, இது வேறே அஸ்தினாபுரம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு, ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் எங்கள் ஊர். சிட்லபாக்கமும் செம்பாக்கமும் அண்டை தேசங்கள். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆன பிறகு நாங்களும் மாநகரவாசிகள். பாண்டவர்கள் "ஐந்து வீடாவது கொடு" என்று கேட்டார்கள் அல்லவா? இன்றைக்கு இங்கே ஒரு வீடு கேட்டுப் பாருங்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். துரியோதனனைக் குறை சொல்வதற்கில்லை.

பெயருக்குத் தகுந்தாற்போல் எங்கள் ஊரில் ஒரு சாரதியும் உண்டு. தெருமுனையில் டூவீலர் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் அண்ணன். நீல நிறச் சட்டை. ஒரு காலத்தில் நீலமாக இருந்தது என்று அவர் சொல்லித்தான் தெரியும். பஞ்சர், ஆயில், பிரேக் ஷூ, டயர் எல்லாம் அவரே. முப்பது வருஷமாக இதே முனை.

போன வருஷக் கடைசியில் ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதறீங்களே. நம்ம கடைக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுங்களேன். வண்டி வரத்து கொறஞ்சு போச்சு. கம்பெனி சர்வீஸ்காரங்க போன்லயே கூப்பிட்டு, வீட்டுக்கே வந்து வண்டிய எடுத்துட்டுப் போறாங்க. பையன் ஒருத்தன நிறுத்திட்டேன். இப்படியே போனா கடைய வுட்டுட வேண்டியதுதான்."

என் வியாபாரத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்துவிட்டுச் சுதந்திர எழுத்தாளனாக இருப்பவன். சுதந்திரம் என்றால் மாதம் ஒண்ணாம் தேதி சம்பளம் வராது என்று அர்த்தம். ஆகவே உற்சாகமாக உட்கார்ந்து எழுதினேன்: "வாகன ஓட்டிகளே! உங்கள் வண்டி உங்கள் குடும்ப உறுப்பினர்! ஆயில் மாற்ற இன்றே விஜயம் செய்வீர்!"

அண்ணன் படித்தார். மடித்தார். டீக்கடைக்காரர் அதே மாதிரி ஒரு காகிதத்தில் பஜ்ஜி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு ஃபிரான்ஸ் ஞாபகம் வந்தது.

க்ளெர்மான் ஃபெரான் என்ற ஊரில் ஆந்த்ரே, எடுவார் என்று இரண்டு சகோதரர்கள். 1889-இல் மிஷலின் ரப்பர் கம்பெனியை ஆரம்பித்தவர்கள். கொஞ்ச காலத்தில் கார் டயர் செய்ய இறங்கினார்கள். சிக்கல் என்னவென்றால், 1900-இல் அந்த நாடு முழுக்கக் கார்கள் மூவாயிரம்கூட இல்லை. இருந்த கார்களும் முக்கால்வாசி நேரம் கொட்டகையில் தூங்கின. வண்டி ஓடினால்தானே டயர் தேயும்? தேய்ந்தால்தானே விற்கும்?

வேறு யாராவது என்றால் "எங்கள் டயரே டயர்" என்று போர்டு வைத்திருப்பார்கள். இவர்கள் சிவப்பு அட்டையில் ஒரு குட்டிப் புத்தகம் போட்டார்கள். எந்த ஊரில் பெட்ரோல் கிடைக்கும், எங்கே மெக்கானிக் இருக்கிறான், எந்த ஓட்டலில் தங்கலாம், டயரை எப்படிக் கழற்றி மாட்டுவது, எல்லாம் அதில். மூவாயிரம் கார் இல்லாத தேசத்தில் 35,000 பிரதிகள், அதுவும் இலவசமாக! புத்தகத்தைப் பார்த்தவனுக்கு "அட, அந்த ஊருக்குப் போய்த்தான் பார்ப்போமே" என்று தோன்றியது. போனான். டயர் தேய்ந்தது.

ஒரு டயர் கடையில் அந்தப் புத்தகத்தை மேஜைக்கு முட்டுக் கொடுத்திருந்ததை ஆந்த்ரே பார்த்துவிட்டாராம். 'ஓசியில் கொடுத்தால் மதிப்பில்லை' என்று 1920 முதல் ஏழு ஃபிராங்க் விலை வைத்தார்கள். இது கம்பெனியே சொல்லும் கதை. (எங்கள் ஊர் பஜ்ஜி, அங்கே மேஜை. அவ்வளவுதான் வித்தியாசம்.) 1926-இல் நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் உலகத்துச் சமையல்காரர்கள் ஏங்கித் தவிக்கும் மிஷலின் நட்சத்திரம் அதுதான். இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அதற்காகவே தனியாக ஒரு பயணம் கிளம்பலாம். கவனியுங்கள், அளவுகோல் நாக்கு அல்ல, கிலோமீட்டர்! 1944-இல் நேச நாட்டுப் படைகள் ஃபிரான்ஸில் இறங்கியபோது 1939-ஆம் வருஷத்து மிஷலின் கையேட்டை மறுபடி அச்சடித்துக் கொண்டுபோயின. ஊர்களின் வரைபடம் அவ்வளவு சுத்தம்.

அண்ணனிடம் கதையைச் சொன்னேன். "நோட்டீஸ்ல நம்ம கடையைப் பத்தியே எழுதக் கூடாதுண்ணே. மாசம் ஒரு ஊர். அஸ்தினாபுரத்துல காலையில கிளம்பினா சாயந்திரம் வீடு திரும்பற மாதிரி."

அவருக்குப் பிடித்துப் போயிற்று. இரண்டாவது டீயில் வருஷத்துக்கே திட்டம் போட்டோம். ஜனவரிக்கு வேடந்தாங்கல். பிப்ரவரிக்கு உத்திரமேரூர், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. மார்ச்சுக்கு வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகத் திருப்போரூர். மழைக்காலத்துக்கு மதுராந்தகம், ஏரி காத்த ராமர்.

"ஏப்ரல், மே?"

"அந்த ரெண்டு மாசம் எங்கயும் போவாதீங்கன்னு போடுங்க. வெயில்ல குழந்தைங்கள வெச்சு ஓட்டக் கூடாது."

"அண்ணே, இது பயண நோட்டீஸ்."

"அதான் சார். டிசம்பர்லயும் ஒண்ணு போடுங்க. நம்ம பக்கம் ரோட்டுல தண்ணி நிக்கும். சைலன்சர் முழுகிட்டா செல்ஃப் போடாதீங்க, தள்ளிக்கிட்டே வாங்கன்னு. ஸ்டார்ட் பண்ணிப் பண்ணித்தான் இன்ஜின்ல தண்ணிய ஏத்திடறாங்க."

"இன்ஜின் போனா உங்களுக்குத்தானே வேலை?"

அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பி.காம். என்பதால் மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

முதல் நோட்டீஸுக்காக ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போவது என்று முடிவாயிற்று. நான், மனைவி, முன்னால் நின்றுகொண்டு வரும் ஆறு வயதுப் பையன், என் பழைய ஸ்கூட்டர். சனிக்கிழமை சாயந்திரம் வண்டியைக் காட்டப் போனேன்.

அண்ணன் பின் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டயரின் பக்கவாட்டை விரலால் துடைத்தார். நாலு இலக்கம் தெரிந்தது: 0914.

"இது இன்னா தெரியுமா சார்? முன்னாடி ரெண்டு நம்பர் வாரம். பின்னாடி ரெண்டு வருஷம். 2014-ல ஒம்பதாவது வாரம் செஞ்ச டயர். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இதுல குடும்பத்த ஏத்திக்கிட்டு ஹைவேஸ் போவாதீங்க."

"பட்டன் நல்லாத்தானேண்ணே இருக்கு?"

"பட்டன் இருக்கு. ரப்பர் செத்துப் போச்சு. பக்கத்துல வெடிப்பு பாருங்க."

இங்கேதான் எனக்குள் இருந்த காமர்ஸ் பட்டதாரி கண் விழித்தான். ஆஹா! நோட்டீஸ் அச்சாவதற்கு முன்பே முதல் விற்பனை! மிஷலின் சகோதரர்கள்கூட புத்தகம் போட்ட பிறகுதான் டயர் விற்றார்கள். இவர் எழுத்தாளன் தலையிலேயே கட்டப் பார்க்கிறாரே! "அடுத்த மாசம் பாத்துக்கலாம்ணே" என்று சிரித்தபடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அவர் சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல. ஆனா அவருக்கு லாபம் இருக்கே."

"டாக்டருக்கும்தான் லாபம் இருக்கு. ஜுரம் பொய்யா?"

பதில் இல்லாதபோது ஆண்கள் செய்வதை நானும் செய்தேன். கோபித்துக்கொண்டேன். "சரி, நீங்க வர வேண்டாம். நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வரேன்." பையன் அழுதான். பைனாகுலர் வேறு இரவல் வாங்கி வைத்திருந்தான்.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். தாம்பரம் தாண்டியதும் குளிர் காது மடலைப் பிடித்துத் திருகியது. இந்த ஜி.எஸ்.டி. சாலை இருக்கிறதே, அது மோட்டார் தொழிலின் ஜாதகம். பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. நம் அப்பாக்கள் பெருமூச்சு விட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு அவர்கள் செய்ததுதான். 1980-களின் கடைசியில் உற்பத்தி நின்றது. இப்போது அந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்கள். வண்டலூர் மிருகக்காட்சி சாலை, கிளாம்பாக்கம் பஸ் நிலையம், கூடுவாஞ்சேரி எல்லாம் பின்னால் ஓடின.

மறைமலை நகர். ஃபோர்டு கம்பெனி 1990-களில் வந்து, 2022-இல் கார் தயாரிப்பை நிறுத்திய ஊர். அந்த ஃபோர்டும் அமெரிக்காவில் 1908-இலேயே 'ஃபோர்டு டைம்ஸ்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தது. பின்னாளில் அதில் பயணக் கட்டுரை, வர்ணச் சித்திரம், வழியோர ஓட்டல்களின் சமையல் குறிப்பு என்று அமர்க்களப்படுத்தினார்கள். 1993 வரை வந்தது. காரை விட அதிக நாள் ஓடிய பத்திரிகை என்று ஒரு வாக்கியம் மனதில் ஓடியது. நோட்டீஸில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சிங்கபெருமாள் கோயில் நெருங்கிக்கொண்டிருந்தது. வேகம் அறுபது.

'டப்' என்று ஒரு சத்தம்.

பட்டாசு என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த விநாடி வண்டியின் பின்பக்கம் தனக்கென்று ஒரு கொள்கை வகுத்துக்கொண்டு இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. பிரேக்கைத் தொடாதே என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டேன். வலது பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டியது. அதன் சக்கரம் என் தோள் உயரம் இருந்தது. எப்படியோ இடது ஓரத்துக்கு வந்து, மண்ணில் சரிந்து, வண்டியும் நானும் படுத்தோம்.

முழங்கை தோல் போயிற்று. பேண்ட் கிழிந்தது. ஹெல்மெட்டில் ஒரு கீறல். வேறு ஒன்றுமில்லை. எழுந்து உட்கார்ந்தேன். பின் டயர் பக்கவாட்டில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. முன்னால் பையன் வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தேன். அந்த ரப்பர் பாய் அப்படியே காலியாக இருந்தது.

அதற்கப்புறம்தான் கை நடுங்க ஆரம்பித்தது.

வேடிக்கை என்னவென்றால், நான் விழுந்து கிடந்த இடம் சாமானிய இடமல்ல. அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஒரகடம். ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் டெய்ம்லர் லாரியும் செய்கிற பூமி. 1955-இல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு இன்று மோட்டார் சைக்கிளோடு இமயமலையையும் சேர்த்து விற்கிறது. ஹிமாலயன் என்றே ஒரு வண்டிக்குப் பெயர். மிஷலின்கூட திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் தொழிற்சாலை போட்டாகிவிட்டது. இந்தியாவின் டெட்ராய்ட் என்று பெயரெடுத்த சென்னைச் சீமையில், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, எனக்கு ஒரு ஸ்கூட்டர் டயர் கிடைக்கவில்லை.

போன் செய்தேன். "சிங்கபெருமாள் கோயில் பக்கம்ணே..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"அடி பட்டுச்சா? குழந்தை?"

"நான் மட்டும்தான்."

"ஓரமா நில்லுங்க. ரோட்டுப் பக்கம் முதுகக் காட்டாதீங்க. வர்றேன்."

ஒரு மணி நேரத்துக்குள் அவருடைய மொபெட் வந்தது. தோளில் மாலை மாதிரி ஒரு புது டயர். பையில் ட்யூப், லீவர், கால் பம்பு.

"இந்நேரத்துக்குக் கடை ஏதுண்ணே?"

"நேத்தே எடுத்துத் தனியா வெச்சுட்டேன் சார். எப்படியும் மனசு மாறி வருவீங்கன்னு தெரியும். இப்படிக் கூப்புடுவீங்கன்னுதான் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னார். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்கிற வாக்கியத்தை எதிர்பார்த்துக் கழுத்தை நீட்டி வைத்திருந்தேன். வரவே இல்லை. சைலன்சரைக் கழற்றி, சக்கரத்தை உருவி, லீவர் போட்டு நெம்பி, அரை மணியில் மாட்டிவிட்டார். டயருக்குக் கொள்முதல் விலை வாங்கிக்கொண்டார். வந்த கூலியை நான் நீட்டியபோது, "டீ வாங்கிக் கொடுங்க. வந்தது வந்தாச்சு, வேடந்தாங்கல் போயிட்டு வந்துடலாம். நானும் சின்ன வயசுல பாத்தது" என்றார்.

போனோம். பரனூர் சுங்கச்சாவடி (நமக்குக் காசில்லை), செங்கல்பட்டில் பனி விலகாத கொளவாய் ஏரி, பாலாற்றுப் பாலம், படாளத்தில் வலது பக்கம் திரும்பி வயல் வழியே வேடந்தாங்கல். மொத்தம் அறுபது கிலோமீட்டர் சொச்சம்.

சுமார் எழுபத்தைந்து ஏக்கர் ஏரி. தண்ணீருக்குள் மரங்கள், மரம் கொள்ளாத பறவைகள். சங்குவளை நாரை, நத்தைகொத்தி, கூழைக்கடா, ஊசிவால் வாத்து. காவல் கோபுரத்தில் ஏறி நின்றால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேரம் பேசுகிற மாதிரி சத்தம்.

இந்தப் பறவைகளுக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். வெள்ளைக்காரர்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். ஊருக்கு லாபம் இருந்தது. அதனால் பறவை மேல் இருந்த பிரியம் பொய்யாகிவிடுமா? கோபுரத்தில் நின்றுகொண்டு யோசித்தேன். பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று. அண்ணன் சொன்ன வார்த்தையை நான் அவர் லாபக் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு, என் வீட்டுக் கணக்கில் எழுதாமல் விட்டிருந்தேன்.

திரும்பி வந்து நோட்டீஸ் எழுதினேன். "இயற்கை எழில் கொஞ்சும்" என்று ஆரம்பித்திருந்ததை அண்ணன் அடித்தார். பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். விடியற்காலையில் கிளம்புங்கள். சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையில் வண்டி வரும், ஜாக்கிரதை. குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். வறண்ட வருஷத்தில் பறவை வராது.

"இப்படிப் போட்டா யாரும் போக மாட்டாங்கண்ணே."

"போனவன் திரும்பி வந்து திட்டக் கூடாது சார்."

பின் பக்கத்தில் அந்த நாலு இலக்கம். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். அஞ்சு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் யாரிடமாவது காட்டுங்கள். பத்து வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். "எங்களிடம் மாற்றிக்கொள்ளவும்" என்று நான் சேர்த்த வரியையும் அடித்துவிட்டு, "எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று போடச் சொன்னார். கடை பெயரும் போன் நம்பரும் அடியில், பொடி எழுத்தில். ஐந்நூறு பிரதி. அச்சுக்கூலியை நான் கொடுத்தேன். முழங்கையில் பிளாஸ்திரி இருந்ததால் அவர் ஆட்சேபிக்கவில்லை.

பலன்? கடை வாசலில் கூட்டம் அலைமோதவில்லை. ஐந்நூறில் கொஞ்சம் பஜ்ஜிக்கும் போயிருக்கும். இரண்டு மூன்று பேர் டயர் மாற்றினார்கள். ஒருவர், "வேடந்தாங்கல்ல டீ நல்லா இல்லையே, ஏன் போடலை?" என்று சண்டைக்கு வந்துவிட்டு, போகும்போது ஆயில் மாற்றிக்கொண்டு போனார். நிறுத்திய பையனை அண்ணன் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. பிப்ரவரி நோட்டீஸுக்கு மட்டும் பேப்பர் வாங்கி வைத்துவிட்டார்.

போன வாரம் ஒரு காட்சி. காலை எட்டரை மணி. டை கட்டிய ஆபீஸ் இளைஞர் ஒருவர், கையில் எங்கள் நோட்டீஸோடு, டீக்கடை வாசலில் தன் வண்டிச் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் டயரைத் துடைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தார். விரல் விட்டு எண்ணினார். முகம் தெளிந்தது. எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

"என்னண்ணே, அந்த வியாபாரம் போச்சே!" என்றேன்.

"நல்ல டயர் சார். இன்னும் மூணு வருஷம் ஓடும்" என்றார் அண்ணன், அவரே வாங்கிக் கொடுத்த மாதிரி.

அடுத்த ஞாயிறு பையனோடும் மனைவியோடும் கிளம்பினேன். கிளம்புமுன் பையன் சக்கரத்தருகே உட்கார்ந்து நாலு இலக்கத்தையும் உரக்கப் படித்தான். மனைவி கேட்டுக்கொண்ட பிறகுதான் வண்டியில் ஏறினாள். என் பேச்சை மட்டும் நம்பி அவள் இனிமேல் எந்த வண்டியிலும் ஏறமாட்டாளாம்.